காற்று இன்னும் கேட்கவில்லை

கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார் நூருன்னிசா. கணக்குக் கட்டு எத்தனை தடியாக இருந்தாலும் அதை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து, பின்னட்டையை ஒதுக்கி, பின்னோக்கிப் புரட்டுகிறார். இடது கைப்பக்கம் சர்க்கரை போடாத தே சி, பால் ஊற்றிய தேநீர். வலது கையில் பென்சில். அந்தப் பென்சில் பெரும்பாலும் எதையும் எழுதுவதில்லை. தாளைத் தொடாமல், எறும்பின் பின்னால் போவதுபோல எண்களின் மேலே ஊர்ந்துகொண்டிருக்கும். அது நின்றுவிட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள்.

“முதப் பக்கத்துல எல்லாரும் நல்ல பிள்ளைங்கதான் சுதா” என்பார் என்னிடம். “பெரிய தூணு, பெரிய பீம், எல்லாத்தையும் அழகா செஞ்சிருப்பாங்க. படிக்கட்டு, வாசல் கூரை, தண்ணித் தொட்டியத் தாங்குற குட்டிச் சட்டம், இதெல்லாம் கடைசியிலதான் வரும். அதுக்குள்ள அவங்களுக்குத் தூக்கம் வந்திருக்கும் லா.”

ஜாலான் புசார் பக்கம், குளியலறைச் சாமான் கடைகளுக்கு மேலே, எங்கள் அலுவலகம். நான் வரைபடம் வரைகிறவள். நூருன்னிசா சரிபார்ப்பவர். இந்த ஊரில் பெரிய கட்டடம் எதையும் வடிவமைத்தவரே ‘சரி’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதில் எந்தப் பங்கும் இல்லாத இன்னொரு பொறியாளர், விதிநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்க வேண்டும். எஃகுத் தூண் ஒவ்வொன்றும், உத்தரம் ஒவ்வொன்றும், தன்மேல் விழுகிற பாரத்தைத் தாங்குமா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். விழுகிற பாரத்தைத் தாங்குகிற பலத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அது ஒன்றுக்குள் இருக்க வேண்டும். நூருன்னிசாவின் வாழ்க்கையில் பாதி, அந்த ஒன்றின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பதிலேயே கழிந்திருக்கிறது.

ஒன்றைத் தாண்டினால் அவர் ‘தவறு’ என்று சொல்வதில்லை. “பேசணும்” என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே ஊரில் உள்ள வடிவமைப்பாளர்கள் கணக்கைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். ஸ்ரீராம் என்று ஓர் இளம் பொறியாளர், வேறொரு நிறுவனத்தில் இருப்பவர், அடிக்கடி அகப்பட்டுக்கொள்வார்.

“மேடம், ஒண்ணு புள்ளி பூஜ்யம் நாலுதானே. விட்டுடுங்களேன்.”

“நாலுதானேன்னு விட்டா அடுத்த தடவை எட்டுதானேன்னு வருவீங்க தம்பி. எனக்கு யார்கிட்டயும் சண்டை போடத் தெம்பு இல்ல. ஒரு சைஸ் ஏத்திப் போட்டு அனுப்புங்க.”

நூருன்னிசாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தலையைச் சுற்றிச் சாம்பல் நிறத் தூடோங், அலுவலகக் குளிருக்கு அதே நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை. ஈசூனிலிருந்து வரும் ரயிலில் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டார், உட்கார்ந்தால் உறங்கிவிடுவாராம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, தலையை நாற்காலியில் சாய்த்தபடி கூரையைப் பார்த்துக் கொட்டாவி விடுவது அவருடைய ஓய்வு. கணவர் ரிஸ்வான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். “ஊர்க் கண்ணுக்கெல்லாம் நான் பவர் பாக்குறேன். இவ கண்ணை மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியல. முழிச்சே தேஞ்சு போச்சு” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

முப்பது ஆண்டு இந்த வேலையைப் பார்த்ததில் யாராவது நன்றி சொல்லியிருக்கிறார்களா என்று நூருன்னிசாவிடம் கேட்டேன். யோசித்தார். “விழுந்தாத்தானே தெரியும்? விழலைன்னா எதுக்கு நன்றி சொல்வாங்க?” என்றார். அதில் குறை எதுவும் இல்லை. காய்கறி விலை சொல்வதுபோலத்தான் சொன்னார்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மொட்டைமாடியாக இருந்த இடம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் எஃகுச் சட்டங்கள் நிறுத்தி, தகடு வேய்ந்து, கீழே வெள்ளைப் பலகைகளால் உட்கூரை போட்டு மண்டபமாக்கினார்கள். இரண்டு பக்கமும் காற்றுக்காகத் திறந்தே இருக்கும். அந்தச் சட்டங்களை அன்றைக்குச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் நூருன்னிசாதான்.

மண்டபத்தை நடத்தும் ரஞ்சன், நடுக்கூடத்தில் பெரிய கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்கவிட வேண்டும் என்று கேட்டு வந்தார். அந்த எடையைக் கூரை தாங்குமா என்று பார்க்கும் சின்ன வேலை. நூருன்னிசாவும் நானும் போனோம். வர இருந்த சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். உட்கூரையில் ஒரு பலகையை மட்டும் விலக்கி ஏணி வைத்துக் கொடுத்தார் ரஞ்சன்.

முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறினார் நூருன்னிசா. தலையும் தோளும் அந்த ஓட்டைக்குள் மறைந்தன. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே டார்ச் வெளிச்சம் ஒரு பக்கம் போனது, திரும்பி வந்தது, மறுபக்கம் போனது. பிறகு அசையவில்லை.

“என்னக்கா?”

“கம்பியில தொங்குது.”

“எது?”

“சீலிங். சும்மா கம்பியில தொங்குது சுதா.”

இறங்கிவந்து, உறை மாட்டிய நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். முகத்தில் ஒட்டடை இருந்தது, துடைக்கவில்லை. ரஞ்சன் பார்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“லைட்டு மாட்டலாம்லா அக்கா?”

“லைட்டு மாட்டலாம்” என்றார் நூருன்னிசா. அது உண்மைதான். எடையைப் பொறுத்தவரை கூரையில் ஒரு குறையும் இல்லை.

ரஞ்சன் அந்தப் பக்கம் போனதும் தம்ளரிலிருந்த ஸ்ட்ராவை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார். “ரெண்டு பக்கமும் பிடிச்சு இழு.” இழுத்தேன். அறுந்துபோகவில்லை. “இப்போ அமுக்கு.” அமுக்கினேன். நடுவில் பக்கவாட்டில் வளைந்து விலகியது. அதை நிமிர்த்தி, நடுப்பகுதியைத் தன் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். “இப்போ அமுக்கு.” வளையவில்லை.

“கூரையோட எடை சட்டத்தோட அடிப்பக்க எஃகை எப்பவும் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். அதுல பயமில்ல. பெருங்காத்து உள்ள புகுந்து கூரையை மேல தூக்குச்சுன்னா, அந்த இழுப்பு அமுக்கலா மாறிடும். அப்போ நடுவுல யாராவது பிடிச்சுக்கணும். சீலிங்கோட இரும்புச் சட்டகம் பிடிச்சுக்கும்னு கணக்குல எழுதியிருந்தாங்க. நானும் சரின்னுட்டேன்.” விரல்களை எடுத்துவிட்டார். “அந்தச் சட்டகம் இங்க இல்ல. வெறும் கம்பி யாரைப் பிடிக்கும்?”

மறுநாள் முழுவதும் அவர் மேசையில் விதிநூல் திறந்தே கிடந்தது. கணினியில் போட்டார். கையால் போட்டார். மதியம் சாப்பிடவில்லை. மாலையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ஒண்ணு புள்ளி மூணு வந்துச்சு. கோட் புக்கு எங்கெங்க இடம் கொடுக்குதோ அங்கெல்லாம் எடுத்துக்கிட்டுப் பாத்தேன். ஒண்ணு புள்ளி ரெண்டுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது.” பென்சிலைக் கீழே வைத்தார். “சட்டகம் பிடிச்சுக்கும்னு எழுதுன அந்த வரி எங்க இருந்துச்சு தெரியுமா? முதப் பக்கத்துல. ‘இப்படி இப்படி வச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டோம்’னு எழுதுவாங்கள்ல, அங்க. நான் கடைசியிலேர்ந்து படிச்சுக்கிட்டு வந்து, அதுகிட்ட வரும்போது எனக்குத் தூக்கம் வந்திருக்கு.”

நிறுவனம் சுந்தரேசனுடையது. திருச்சிக்காரர், இங்கே வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. கெட்டவர் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலையும் மனிதர். அடுத்த நாள் காலை நூருன்னிசா அவருடைய அறைக்குப் போனார்; கதவு சரியாக மூடாது என்பதால் இருவரும் பேசியது எங்களுக்கெல்லாம் கேட்டது.

“மேடம், பதினோரு வருஷமா நிக்குது.”

“காத்து இன்னும் வந்து கேக்கல சார்.”

“நீங்க வரைபடத்தைப் பாத்தீங்க. சட்டகம் வரும்னு போட்டிருந்தான். கட்டுனவன் கம்பில தொங்க விட்டான். இது எப்படி உங்க தப்பாகும்?”

“சீலிங் வரைபடத்தைக் காட்டுங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல.”

சுந்தரேசன் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இப்ப ஒண்ணு பண்ணலாம். லைட்டு மாட்டப் போறோம்ல. அதோட சேத்து நாலு குறுக்குச் சட்டம் அடிச்சு விட்டுடலாம். வேலை முடிஞ்சிடும். எதுக்குன்னு யாரும் கேக்கப் போறதில்ல. உங்க பேரும் போகாது, என் கம்பெனியும் பிழைக்கும்.”

“சட்டம் செஞ்சு வரதுக்கு எவ்வளவு நாளாகும் சார்?”

“ஒரு மாசம். கூடவே வச்சுக்கங்க.”

“சுமத்ராப் பக்கமிருந்து திடீர்னு பெருங்காத்து அடிக்கிற காலம் இது. ஒவ்வொரு சனி ஞாயிறும் அந்தக் கூரைக்குக் கீழ கல்யாணம்.”

மாத்திரை அட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

“எனக்கு ரொம்ப டயர்டா இருக்கு சார்” என்றார் நூருன்னிசா. “இதை மறைச்சு வச்சா இன்னும் டயர்டா ஆயிடும். என்னால முடியாது.”

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. முதலில் வந்தவர் சுந்தரேசன். கார்ச் சாவி கையில் இருந்தது. “நானும் வரேன். தனியாப் போகாதீங்க” என்றார்.

ரஞ்சனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு கோபம் வந்தது. பிறகு அதுவும் போய், வெள்ளை நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அக்கா, சனிக்கிழமை கல்யாணம். கார்டு கொடுத்து, சமையலுக்குச் சொல்லி, எல்லாம் முடிஞ்சிடுச்சு. ஈசூன்ல இருக்கிற பொண்ணு வீடு. நான் போன் போட்டு என்னன்னு சொல்றது?”

“என் பேரைச் சொல்லுங்க. இன்ஜினியர் தப்புப் பண்ணிட்டாங்கன்னு சொல்லுங்க.”

“சனிக்கிழமை மட்டும் விட்டுடலாம் அக்கா. ஒரே ஒரு நாள். வானத்தைப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு.”

நூருன்னிசா வானத்தைப் பார்க்கவில்லை. “முடியாது தம்பி” என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. “என்னைத் திட்டிக்கங்க. ஆனா பூட்டுப் போடுங்க.”

அன்று மாலையே மண்டபம் பூட்டப்பட்டது. கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்கு அவரே போன் செய்து, தன் பெயரையும் பதிவு எண்ணையும் சொல்லி, நடந்ததைச் சொன்னார். போனை வைத்த பிறகு கழிவறைக்குப் போனவர் நெடுநேரம் வரவில்லை. நான் கதவருகே போய் நின்றேன். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஒரு காற்று அடித்திருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். அடிக்கவில்லை. காலையிலிருந்தே நல்ல வெயில். உட்லண்ட்ஸில் எங்கள் மாடியில் காயப்போட்ட துணி ஆணி அடித்ததுபோலத் தொங்கியது. மாலைவரை ஓர் இலைகூட அசையவில்லை. திங்கட்கிழமை காலையில் நூருன்னிசா வந்ததும் என்னைப் பார்த்து, “நல்ல வெயில் லா” என்றார். பிறகு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தார்.

அந்த வாரமும் அடிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒவ்வொரு நாளும் மேகம் கறுக்கிறதா என்று நான் சன்னலைப் பார்ப்பேன். அடிக்க வேண்டும் என்றே ஒரு கெட்ட ஆசை எனக்கு. அவருக்கு அது இல்லை. அந்தச் சமயத்தில் ஒருநாள் நான் அப்படிச் சொல்லிவிட்டபோது, “அடிக்க வேணாம் சுதா. அது பாட்டுக்கு நிக்கட்டும்” என்றார்.

அரசு அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தவர்கள் அவர் கணக்கு சரி என்றார்கள். மண்டபம் மூடியே இருக்கட்டும் என்றார்கள். பழுதுபார்க்கும் கணக்கைத் தானே சரிபார்க்கக் கூடாது என்று வேறொரு பொறியாளரைத் தேடிக் கொடுத்தார் நூருன்னிசா. சட்டத்துக்குச் சட்டம் குறுக்கே எஃகுக் கம்பங்கள் பூட்டினார்கள். நூருன்னிசாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ரிஸ்வான் அன்று கடையைத் திறக்காமல், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கவனக் குறைவு என்று சொல்லி, ஓராண்டுக்குக் கையெழுத்திடும் உரிமையை நிறுத்தி வைத்தார்கள். தானாக வந்து சொன்னதால் அதோடு விட்டார்கள்.

எங்களிடம் வழக்கமாக வேலை கொடுத்த இரண்டு நிறுவனங்கள் மெல்ல விலகிக்கொண்டன. சுந்தரேசன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரை மட்டும் ஒன்று கூடியது. நூருன்னிசா அதே மேசையில் அதே வேலையைத்தான் பார்க்கிறார். கையெழுத்தை இன்னொருவர் போடுகிறார். ஒருநாள் ஸ்ரீராம் போன் செய்தபோது, அந்தப் பக்கம் அவர் பேசியது எனக்கும் கேட்டது.

“மேடம், உங்களுதும் ஒண்ணைத் தாண்டிடுச்சாமே.”

“ஆமா தம்பி. தாண்டிடுச்சு.” ஒரு கட்டை எடுத்து மேசைமேல் குப்புறக் கவிழ்த்தார். “உங்க கட்டு வந்திருக்கு. அந்தப் படிக்கட்டைப் பத்திப் பேசணும்.”

செப்டம்பரில் மண்டபம் திறந்தது. புதிய கம்பங்கள் உட்கூரைக்கு மேலே மறைந்துவிட்டன. கீழிருந்து பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது, புதிய சரவிளக்குகளைத் தவிர. திருமணம் தடைப்பட்ட குடும்பங்களையெல்லாம் கூப்பிட்டு ரஞ்சன் ஒரு மதிய விருந்து வைத்தார். எங்களையும் அழைத்தார். நூருன்னிசா வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். சேலை கட்டியிருந்தார். கூட்டத்தோடு கூட்டமாக ஒரு வட்ட மேசையில் இடம் பார்த்து உட்கார்ந்தோம்.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி தானாகவே பேச்சுக் கொடுத்தார். பெயர் வசந்தகுமாரி. ஈசூன். அந்தச் சனிக்கிழமைக் கல்யாணப் பெண்ணின் அம்மா.

“எங்களுக்கு ரெண்டே நாள் இருக்கும்போது சொன்னாங்கம்மா. வேற இடமே கிடைக்கல. கடைசியில எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ, சும்மா திறந்து கிடக்குற வாய்ட் டெக்லயே வச்சோம். ஐயரு மந்திரம் சொல்றாரு, பின்னாடி லிஃப்ட் கதவு திறந்து திறந்து மூடுது. யாரோ ஒருத்தரு மார்க்கெட்டுக்குப் போய்ட்டு ட்ராலியோட வந்து நின்னு வேடிக்கை பாக்குறாரு. சம்பந்தி வீட்டுக்காரங்க முகத்தைப் பாக்க முடியல என்னால.” பிரியாணியை ஒரு வாய் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். “யாரோ இன்ஜினியர் அம்மாவாம். மூடுன்னு சொல்லிட்டாங்களாம். பாருங்க, அப்படியேதானே நிக்குது? இடிஞ்சா போச்சு?”

நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே நூருன்னிசாவின் கை என் முழங்காலில் அழுந்தியது. நான் தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டேன்.

“பொண்ணு இப்போ நல்லா இருக்காளாம்மா?” என்று கேட்டார் நூருன்னிசா.

“அவளுக்கென்ன. நல்லா இருக்கா. முழுகாம இருக்கா, மூணு மாசம்.” வசந்தகுமாரியின் முகம் மாறியது. “எல்லாத்தையும் மறந்துட்டா அவ. நான்தான் இன்னும் புலம்பிக்கிட்டு இருக்கேன்.”

“போட்டோ இருக்கா?”

வசந்தகுமாரி கைப்பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். நூருன்னிசா உடனே வாங்கவில்லை. டிஷ்யூ காகிதத்தால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாய்ட் டெக்கின் தூண்களில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. மணமக்களைச் சுற்றி உறவினர் அத்தனை பேரும் நெருக்கியடித்து நின்ற படம். நூருன்னிசா இரண்டு விரலை வைத்து விரித்தார். மணப்பெண்ணின் முகம் திரை முழுவதும் வந்தது. அதைப் பார்த்தார். மெல்ல நகர்த்தி அடுத்த முகத்துக்குப் போனார்.

“அது என் தங்கச்சி. பக்கத்துல அவ வீட்டுக்காரரு” என்றார் வசந்தகுமாரி.

விரல் நகர்ந்தது. அடுத்து, நாதஸ்வரத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த ஒருவர். அப்புறம், தோளில் குழந்தை தூங்க, கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்த ஒரு பெண். நூருன்னிசாவின் இலையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. முன்வரிசை முடிந்ததும் அவர் படத்தை இடது ஓரத்துக்குத் தள்ளி, பின்வரிசையில் பாதி மறைந்து நின்றவர்களின் முகங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினார்.